மணிக்கு 24 லிட்டர்: பாய்மரப் படகுக்கான கடல்நீர் நன்னீராக்கி, ஒரு மதிப்பீடு

பாய்மரப் படகில் நெடும்பயணம் போகிறவர்கள் கடல்நீரை நன்னீராக்கும் கருவியை வாங்க நினைக்கும்போது, விளம்பரத் தாளில் அவர்கள் கண் முதலில் தேடுவது மணிக்கு எத்தனை லிட்டர் என்ற எண்ணைத்தான். நான் இங்கே மதிப்பிடும் கருவிக்கு அந்த எண் 24. அதாவது, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 9 ஆம்பியர் எடுத்துக்கொண்டு மணிக்கு 24 லிட்டர் குடிநீர் தரும் என்கிறது தாள். இரண்டு எண்களும் உண்மைதான். தெளிந்த கடலில், புதிய வடிகட்டிகளுடன், பேட்டரி நிறைந்திருக்கும் வேளையில் அளந்து பார்த்தால் ஏறத்தாழ அதே அளவு கிடைக்கிறது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்குகிறவர், அது சொல்லாமல் விட்டவற்றைக் கடலுக்குப் போன பிறகே தெரிந்துகொள்வார். வீணாகும் அழுத்தத்தைத் திரும்பப் பிடிக்கும் இந்த அமைப்பில் கருவி செய்யும் நிறுவனங்கள் பல உண்டு. நான் எழுதுவதில் பெரும்பகுதி அந்த வகை முழுவதற்கும் பொருந்தும் என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வீட்டுச் சமையலறையில் மாட்டும் ஆர்.ஓ. கருவியும் இதுவும் ஒரே கொள்கையில் இயங்குபவை: உப்பைத் தடுத்து நீரை மட்டும் கடத்தும் சவ்வு என்ற மெல்லிய படலத்தின் வழியே நீரை அழுத்தித் தள்ளுபவை. வேறுபாடு உப்பின் அளவில்தான் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால், நீர் சவ்வைக் கடப்பதை எதிர்க்கும் அதன் சவ்வூடு பரவல் அழுத்தமே ஏறக்குறைய 27 பார் வரும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்). அதைத் தாண்டி அழுத்தினால் மட்டுமே நீர் சவ்வின் மறுபக்கம் செல்லத் தொடங்கும். பயனுள்ள வேகத்தில் நீர் கிடைக்க வேண்டுமென்றால் 55 பார் அளவுக்கு அழுத்தம் தேவைப்படுகிறது. இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கியபடி நீரை மட்டும் விரைவாகக் கடத்தும் சவ்வு கிடைத்ததற்கு, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செய்த ஆய்வு வழிகோலியது. அதற்கு முன்பே உப்பை நீக்கும் படலங்கள் இருந்தன. அவற்றின் வழியே நீர் கசிந்த வேகம்தான் எந்தப் பயனுக்கும் போதாததாக இருந்தது. மேற்புறம் மிக மெல்லிய அடர்ந்த தோலும் அதன் கீழே துளைகள் நிறைந்த தாங்கியும் கொண்ட படலத்தை அவர்கள் உருவாக்கியபோது அந்த வேகம் ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்ந்தது. இன்று படகுகளில் பயன்படும் சவ்வுகள் பாலிஅமைடால் ஆனவை. நடுவில் துளையிட்ட குழாயைச் சுற்றி, சுருட்டிய பாய்போல் ஓர் உருளைக்குள் அடங்கியிருப்பவை.

சாதாரண உயர் அழுத்தப் பம்பில் உள்ள குறை, உள்ளே செலுத்தும் நீரில் பத்தில் ஒரு பங்குதான் குடிநீராகிறது என்பதும், மீதி ஒன்பது பங்கு அதே 55 பார் அழுத்தத்தோடு ஒரு வால்வின் வழியே கடலுக்கு வீணாகிறது என்பதும் ஆகும். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் குடிநீருக்கு அழுத்தம் மட்டுமே 15 வாட்-மணி ஆற்றலை விழுங்குகிறது. மோட்டார், பம்பு ஆகியவற்றின் இழப்பையும் சேர்த்தால் அது 20-ஐத் தாண்டிவிடும். நான் மதிப்பிடும் கருவி அந்த வீணாகும் அழுத்தத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. எதிரெதிரே அமைந்த இரண்டு உருளைகளில் இரண்டு பிஸ்டன்கள் ஒரே தண்டால் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒருபுறம் 5 அல்லது 6 பார் அழுத்தத்தில் வரும் கடல்நீர் தள்ள, சவ்விலிருந்து திரும்பும் உவர்நீர் தன் உயர் அழுத்தத்தோடு பிஸ்டனின் மறுபுறம் வந்து உடன் தள்ளுகிறது. தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளே போகும் நீர் முழுவதற்கும் திரும்பி வர இடமில்லை. இடமில்லாமல் எஞ்சும் பத்தில் ஒரு பங்கு, சவ்வைக் கடந்தே வெளியேற வேண்டியிருக்கிறது. அது வெளியேறும் வரை அழுத்தம் தானாக உயர்ந்துகொண்டே போகும். லிட்டருக்கு 4.5 வாட்-மணிதான் செலவு.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, அழுத்தத்தைச் சரிசெய்ய யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை என்பதுதான். மாறாத அழுத்தத்தில் ஓடும் பழைய வகையில், நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் விளைச்சல் சுமார் 3 விழுக்காடு குறையும். உப்பு குறைந்த முகத்துவார நீருக்குள் போனால் சவ்வைக் காப்பாற்ற வால்வைத் திருகி அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். இங்கே விளைச்சல் ஏறக்குறைய நிலையாக இருக்க, அழுத்தம்தான் ஏறி இறங்குகிறது. செங்கடல்போல் லிட்டருக்கு 40 கிராம் உப்புள்ள நீரிலும், குளிர்ந்த நீரிலும் மோட்டார் சற்றுக் கூடுதலாக மின்சாரம் இழுக்கும், அவ்வளவே.

இனி, விளம்பரத் தாள் சொல்லாதது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும், கருவி தயாரித்த நன்னீரையே திருப்பி அனுப்பிப் பம்பையும் சவ்வையும் கழுவ வேண்டும். கடல்நீரை உள்ளே தேங்கவிட்டால், அதிலுள்ள நுண்ணுயிரிகள் இறந்து அழுகத் தொடங்கும். வெப்பமண்டலக் கடலில் சில நாட்களிலேயே அடுத்த ஓட்டத்தின் முதல் நீரில் அழுகிய முட்டை நாற்றம் எழும். சவ்வின் மேல் படியும் வழவழப்பை அதன் பிறகு நீக்குவது கடினம். என் படகில் ஒரு முறை கழுவுவதற்குச் சுமார் 15 லிட்டர் செலவாகிறது. எனவே ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டி நிறுத்தினால் கிடைத்த 24-இல் கையில் எஞ்சுவது 9 லிட்டர். நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் 96-இல் 81 எஞ்சும். அதே கருவி, அதே மின்சாரக் கணக்கு; ஆனால் லிட்டருக்கான உண்மைச் செலவு முதல் முறையில் 12 வாட்-மணி, இரண்டாவதில் ஐந்தரைக்கும் குறைவு. நாளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டலாம் என்று விற்பனையாளர்கள் சொல்லும் ஆலோசனை, ஆற்றலை மீட்கும் பம்பின் பயனில் பெரும்பகுதியை இப்படித்தான் கழிவுக் குழாயில் விட்டுவிடுகிறது.

இருவர் சிக்கனமாக வாழும் படகில் குடிக்கவும் சமைக்கவும் உப்புக் கழுவவும் நாளுக்கு 20 லிட்டர் போதும் என்று கொண்டால், நான்கு நாட்களுக்கு ஒரு முறை நான்கு மணி நேரம் ஓட்டுவதே இக்கருவிக்கு ஏற்ற நடைமுறை. சூடான கடலில், ஓட்டாமல் வைத்திருந்தாலும் ஐந்து நாட்களுக்கு ஒரு முறை கழுவியே தீர வேண்டும் என்பதால் அந்த இடைவெளி பராமரிப்புக்கும் பொருந்திவிடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 36 ஆம்பியர்-மணி. சோலார் பலகைகள் நன்றாக விளையும் நண்பகலை ஒட்டி ஓட்டினால் பேட்டரிக்கு அது தெரிவதே இல்லை.

கழுவும் நீரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அது தொட்டியிலிருந்து வருவது; தொட்டியில் கரையில் நிரப்பிய குழாய் நீர் இருந்தால் அதில் குளோரின் இருக்கும். பாலிஅமைடு சவ்வை அது வேதியியல் முறையில் சிதைக்கும், அந்தச் சேதத்தைத் திருப்ப வழியே இல்லை. இதற்காகக் கழுவும் குழாயில் கரி வடிகட்டி ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். மற்ற வடிகட்டிகளில் அழுக்கு கண்ணுக்குத் தெரியும். இதில் கரி தீர்ந்துபோனது வெளியில் தெரியாது. நாட்காட்டியைப் பார்த்து மாற்ற வேண்டிய இந்தப் பொருளைக் கையேடு ஒற்றை வரியில் கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை. எண்ணெய்ப் படலம் மிதக்கும் துறைமுகத்தில் கருவியை ஓட்டக் கூடாது என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைச் செய்ததற்குப் பாராட்டலாம், ஏனெனில் எண்ணெய் படிந்த சவ்வு பெரும்பாலும் மாற்ற வேண்டிய சவ்வுதான்.

நீரின் தரத்தில் குறை சொல்ல அதிகமில்லை. உலக சுகாதார நிறுவனம், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நீர் பொதுவாகச் சுவையாக இருக்கும் என்றும், 1,000-ஐத் தாண்டினால் சுவை கெடத் தொடங்கும் என்றும் சொல்கிறது. இக்கருவி நிலைகொண்டபின், கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 250-ஐ ஒட்டிய எண்ணையே காட்டுகிறது. தொடங்கிய முதல் சில நிமிடங்களில் எண் கூடுதலாக இருக்கும். கருவி ஓய்ந்திருந்த நேரத்தில் உப்பு மெல்ல மறுபக்கம் ஊடுருவுவதே காரணம். அந்த நீரை ஒதுக்கிவிட்டுப் பிறகு தொட்டிக்குத் திருப்ப ஒரு மூவழி வால்வு உண்டு. அதைக் கையால் திருப்ப வேண்டியிருப்பதை நான் குறையாக எண்ணவில்லை. நீரைச் சுவைத்துப் பார்க்காமல் தொட்டியில் விடும் பழக்கம் அதனால் வராது. சுவை சற்றுச் சப்பென்றிருக்கும். கால்சியமும் மக்னீசியமும் அநேகமாக நீங்கிவிடுவதால் அப்படி. டி.டி.எஸ். மீட்டர் கிருமிகளைக் காட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: சவ்வு எவ்வளவு தூய நீரைத் தந்தாலும் அழுக்கான தொட்டி அதைக் கெடுத்துவிடும்.

பொருத்துவதில் கையேடு நன்றாகவே வழிகாட்டுகிறது, ஆனால் அது நிமிர்ந்து நிற்கும் படகை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பாய்மரப் படகு காற்றுக்குச் சாய்ந்து ஓடும். நீரை உள்ளிழுக்கும் வாய் படகின் அடியில் போதிய ஆழத்தில், நடுக்கோட்டுக்கு அருகே இல்லாவிட்டால், அலையில் அது வெளியே தெரியும்போதெல்லாம் காற்றை விழுங்கும். காற்று புகுந்த பம்பில் பிஸ்டன்களின் ஓசை ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறைந்தும் கேட்கத் தொடங்கும், விளைச்சலும் உடனே விழும். உறிஞ்சும் குழாயின் இணைப்பில் உள்ள மிகச் சிறிய கசிவும் இதே விளைவைத் தரும். நீர் வெளியே சொட்டாததால் அதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. கழிப்பறைக் கழிவு வெளியேறும் துளையிலிருந்து இந்த வாய் தள்ளியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம், இருந்தாலும் இருக்கும் துளையையே பகிர்ந்துகொள்ளலாம் என்று ஆலோசனை தருபவர்கள் இருக்கிறார்கள்.

ஓசை தொல்லைதான். பிஸ்டன் திசை மாறும் ஒவ்வொரு முறையும் தட்டும் ஒலி படகின் உடல் முழுவதும் பரவும். ரப்பர் தாங்கிகள் அதைக் குறைக்கும், நிறுத்தாது. படுக்கைக்கு அடியில் பொருத்த இடமிருக்கிறது என்று மகிழ்பவர்கள் யோசித்துச் செய்யட்டும்.

பழுதுகளைப் பொறுத்தவரை, உயர் அழுத்தப் பகுதியை விட, கடல்நீரை முதலில் உறிஞ்சிக் கொடுக்கும் சிறிய பம்புதான் முதலில் தளர்கிறது. அதன் தலைப்பகுதியும், 20 மைக்ரான், 5 மைக்ரான் வடிகட்டிகளும் மாற்றாகக் கையிருப்பில் இருக்க வேண்டும். கலங்கிய கடலோரத்தில் 5 மைக்ரான் வடிகட்டி ஒரே ஓட்டத்தில் அடைபடலாம். கழுவிக் காயவைத்துச் சில முறை மறுபடியும் பயன்படுத்தலாம். பம்பின் உடல் கூட்டுப்பொருளால் ஆனது என்பது நல்ல தேர்வு. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற்ற 316 வகைகூடத் தேங்கிய கடல்நீரில், காற்றுப் புகாத இடுக்குகளில் குழி விழும்.

மாற்று வழிகளையும் பார்க்கலாம். எப்படியும் நாள்தோறும் படகின் இயந்திரத்தை ஓட்டுபவர்களுக்கு, அதனோடு பட்டையால் இணையும் பழைய வகைப் பம்பே மேல். ஆற்றலை மீட்காவிட்டாலும் மணிக்கு நூறு லிட்டர் வரை தரும் மாதிரிகள் உண்டு, உதிரிப் பாகங்களும் எளியவை. ஒற்றை ஆளாகப் போகிறவருக்கு கட்டடின் நிறுவனத்தின் பவர்சர்வைவர் 40இ பொருத்தமாக இருக்கும். மணிக்கு 5.7 லிட்டர்தான், 4 ஆம்பியர் எடுக்கும். லிட்டர் கணக்கில் மின்செலவு என் கருவியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் மின்சாரம் அற்றுப்போனால் நெம்புகோலைப் பொருத்திக் கையால் இயக்கலாம் என்ற ஒரு வசதி அதை ஈடுசெய்கிறது. 1989-இல் பசிபிக்கில் திமிங்கிலங்கள் மோதிப் படகு மூழ்கிய ஓர் இணையர், உயிர்காப்புத் தெப்பத்தில் 66 நாட்கள் மிதந்து பிழைத்தார்கள். அவர்களுக்குக் குடிநீர் தந்தது கையால் இயக்கும் நன்னீராக்கிதான். 12 வோல்ட் கருவி எவ்வளவு நன்றாக ஓடினாலும் தெப்பத்துக்கு அது வராது. அதனால் அவசரப் பையில் ஒரு சிறு கைப்பம்பும், படகில் எஞ்சிய பயணத்துக்குப் போதுமான நீரைப் பிரித்து வைத்த தனித் தொட்டியும் இருந்தாலன்றி இதை வாங்கச் சொல்லமாட்டேன்.

ஆண்டில் சில வாரங்கள் மட்டும் படகில் இருப்பவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்கவில்லை. படகை விட்டுப் போகும்போது சவ்வைக் கையேடு சொல்லும் பாதுகாப்புக் கரைசலிலோ புரோப்பிலீன் கிளைக்காலிலோ ஊறவைக்க வேண்டும். திரும்பி வந்ததும் அழுத்தமில்லாமல் ஓட்டி அந்தக் கரைசலை வெளியேற்றி, பிறகு கிடைக்கும் முதல் நீரையும் ஒதுக்க வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி கடலில் இருப்பவருக்கு இந்த வேலை அரிதாகவே வரும், மற்றவருக்கு ஒவ்வொரு விடுமுறையின் இரு முனையிலும் வரும். அவர்களுக்குப் பெரிய தொட்டியும் மழைநீரைப் பிடிக்க ஒரு நல்ல விதானமும் போதும். வாங்குவதென்று முடிவு செய்தவர்கள், தானாகக் கழுவிக்கொள்ளும் மின்னணுப் பலகை கொண்ட மாதிரியைத் தவிர்த்து, கை வால்வுகள் கொண்ட எளிய மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். தானியங்கிக் கழுவல், தொட்டியில் நீர் இருப்பதையும் கரி வடிகட்டி உயிரோடிருப்பதையும் நம்பி நடக்கிறது. அவ்விரண்டையும் நேரில் பார்க்க வேண்டியவர் எப்படியும் படகில்தான் இருக்கிறார்.