பயாஸ் போடக் குடுத்தோம், பேக்கப்னு குடுத்தது வெறும் எஃப்எஃப், அதாவது காலி பைல். கேஎல் (கோலாலம்பூர்) ஆளுங்க கொஞ்சம் படிச்சிருங்க

ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கடை, மேல் மாடியில, போனும் பாப்பாங்க லேப்டாப்பும் பாப்பாங்க. பேர் போடல, கேஸ் குடுத்திருக்கேன், அது முடியட்டும். ஆனா நடந்தது என்னன்னு எழுதியே ஆகணும், ஏன்னா இந்த பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதல்ல ஓடற, உள்ள ஒரு சிப்ல இருக்கற சாப்ட்வேர்) வேலையை நம்ம ஆளுங்க நிறைய பேர் ஒரு கேள்வியும் கேக்காம கடையில குடுத்துட்டு வந்துடறாங்க, நானும் அப்படித்தான் குடுத்தேன்.

தங்கச்சி யூனில ரெண்டாவது வருஷம். பிடிபிடிஎன் படிப்புக் கடன் காசுல மிச்சம் பிடிச்சு வாங்குன லேப்டாப், வாரண்டி இன்னும் அஞ்சு மாசம் இருந்துச்சு. பயாஸ் அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது வீட்டுல கரண்ட் போச்சு, பேட்டரியும் வீக், அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஃபேன் சுத்தும், லைட் எரியும், ஸ்கிரீன் கருப்பு. அடுத்த வாரம் அவளுக்கு அசைன்மெண்ட் அனுப்பணும், சர்வீஸ் சென்டர்ல ரெண்டு வாரம் ஆகும்னு சொன்னாங்க, அதான் அவசரத்துல இந்தக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நம்ம ஆளு, நல்லாத்தான் பேசினாரு. "சிப்ல திரும்ப எழுதணும் தம்பி, 180 வெள்ளி, மூணு நாள்." நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், "அண்ணே, எழுதறதுக்கு முன்னாடி பழசை பேக்கப் எடுத்துடுவீங்கல்ல?" "அதெல்லாம் எடுக்காம செய்வோமா தம்பி, நீங்க போங்க." மூணாம் நாள் லேப்டாப் ஓப்பன் ஆச்சு, காசு குடுத்தோம், ரசீது வாங்கினோம், சந்தோஷமா வீட்டுக்கு வந்தோம்.

அன்னைக்கு ராத்திரியே தங்கச்சி கூப்பிடறா, "அண்ணே, விண்டோஸ் ஆக்டிவேட் பண்ணச் சொல்லுது." வாங்கும்போதே விண்டோஸோட வந்த மெஷின் அது. பயாஸ் உள்ள போயி பாத்தா சீரியல் நம்பர் வேற, லேப்டாப் அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல வேற, ஒரு எழுத்து ரெண்டு எழுத்து இல்ல, முழு நம்பருமே வேற. அப்பதான் எனக்கு வயித்தக் கலக்குச்சு. யாரோ முன்ன பின்ன தெரியாத ஒருத்தரோட லேப்டாப்ல இருந்து எடுத்த பைலை அப்படியே எங்க சிப்ல எழுதி வச்சிருக்காங்க.

இது ஏன் பெரிய விஷயம்னா, அந்த எட்டுக் கால் சிப்ல பயாஸ் மட்டும் இல்ல. நிறைய லேப்டாப்ல சீரியல் நம்பர், யூயூஐடி (மெஷினோட தனி அடையாள எண்), கூடவே வர்ற விண்டோஸோட ஆக்டிவேஷன் கீ எல்லாமே அதே சிப்லதான் இருக்கு. அப்டேட் பாதியில நின்னா பயாஸ் கோடுதான் கெட்டிருக்கும், இந்த விவரங்களை அப்டேட் பொதுவா தொடறதில்ல. அப்படின்னா கடைக்காரர் கையில வாங்கினப்போ எங்க சீரியலும் கீயும் உள்ள பத்திரமா இருந்திருக்க நிறைய வாய்ப்பு. ஒரு தடவை படிச்சு வச்சிருந்தா அதை எடுத்து புது பயாஸோட சேத்திருக்கலாம். படிக்காம எழுதினா முதல்ல சிப்பை அழிக்கும், அப்புறம்தான் எழுதும். போச்சு.

மறுநாள் போயி பேக்கப் பைலைக் கேட்டேன். நாளைக்கு வாங்க, பையன் லீவு, கம்ப்யூட்டர் மாத்திட்டோம்னு ஒரு வாரம் அலைய விட்டாரு. கடைசில பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தாரு. சைஸ் சரியாத்தான் இருந்துச்சு, 1,67,77,216 பைட், 16 எம்பி சிப்புக்கு அதேதான் வரணும். வீட்டுக்கு வந்து பைலுக்குள்ள இருக்கற ஒவ்வொரு பைட்டையும் காட்டற ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்தேன். முதல் வரி எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப். கீழ இழுத்தேன், எஃப்எஃப். நடுவுல போயி பாத்தேன், கடைசி வரிக்குப் போயி பாத்தேன், ஒரு எழுத்து கூட மாறல. சிப்போட கால்களைக் கவ்விப் படிக்கற கிளிப் சரியா உக்காரலைன்னா இப்படித்தான் வெறும் எஃப்எஃப்பா படிக்கும். அதைத் திறந்து கூட பாக்காம பேக்கப்னு சேவ் பண்ணிட்டாங்க. அப்புறம் கிளிப்பை சரியா மாட்டி சிப்பை அழிச்சு எழுதியிருக்காங்க.

கேட்டதுக்கு, "சீரியலை எல்லாம் யாரு பாக்கப் போறா தம்பி, மெஷின் ஓடுதுல்ல, விண்டோஸ் வேணும்னா 80 வெள்ளி குடுங்க போட்டுத் தரேன்" அப்படிங்கறாரு. கிளிப் நழுவறது எல்லாருக்கும் நடக்கும், அதுக்கு நான் கோபப்படல. இல்லாத பேக்கப்பை இருக்குன்னு முகத்தைப் பாத்து சொன்னாரே, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல. சர்வீஸ் சென்டர்லயும் சீரியல் ஒத்துப் போகலன்னு வாரண்டியை மறுத்துட்டாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

அப்புறம்தான் நானே உக்காந்து கத்துக்கிட்டேன். இந்த சிப்பைப் படிக்க, எழுத பிளாஷ்ராம்னு ஒரு சாப்ட்வேர், இலவசம், ஓப்பன் சோர்ஸ், இப்ப கோர்பூட்னு சொல்ற லினக்ஸ்பயாஸ் திட்டத்துல இருந்து வந்தது, 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. யூஎஸ்பில மாட்டற சிஎச்341ஏ புரோகிராமர் போர்டும் எட்டுக் கால் கிளிப்பும் சேத்து ஆன்லைன்ல 40 வெள்ளி கூட ஆகல எனக்கு. லேப்டாப் சார்ஜர், பேட்டரி எல்லாம் கழட்டிட்டு, சிப் மேல இருக்கற புள்ளிப் பக்கம் கிளிப்போட சிவப்பு வயர் வர்ற மாதிரி மாட்டணும். முதல் தடவை மாட்டினப்போ பிளாஷ்ராம் சிப்பே காணோம்னு சொல்லி நின்னுடுச்சு. இதுதான் எனக்குப் பிடிச்சது, சிப் யாருன்னு தெரியாம அது ஒரு பைலும் எழுதிக் குடுக்காது, முதல்ல சிப்போட ஐடியைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுதான் படிக்கவே ஆரம்பிக்கும். எழுதி முடிச்சதும் தானா திரும்பப் படிச்சு ஒத்துப் போகுதான்னு பாக்கும். ஆல்கஹால் வச்சு சிப்போட காலைத் துடைச்சிட்டு திரும்ப மாட்டினேன், படிச்சுது. ரெண்டு தடவை படிச்சு ரெண்டு பைலோட எஸ்எச்ஏ256 (பைலோட கைரேகை மாதிரி) கணக்குப் பாத்தா வேற வேற வந்துச்சு, திரும்ப அழுத்தி மாட்டி படிச்சேன், அப்பதான் ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. அதுவரைக்கும் எழுதற பேச்சே இருக்கக் கூடாது. அந்தப் பைலை ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்தா வலது பக்கம் எழுத்தாவே தெளிவாத் தெரியுது, யாரோட சீரியலோ.

நீங்களா செய்யப் போறீங்கன்னா ஒரு விஷயம், சிப் மேல எழுதியிருக்கறதை லென்ஸ் வச்சாவது படிங்க. வின்பாண்ட் டபிள்யூ25க்யூ128எஃப்வி 3.3 வோல்ட், அதே பேர்ல கடைசி எழுத்து மட்டும் மாறி எஃப்டபிள்யூன்னு வந்தா 1.8 வோல்ட், அதுக்குத் தனி அடாப்டர் வேணும், நேரா மாட்டினா சிப் போயிடலாம். சல்லிசா கிடைக்கற கருப்பு சிஎச்341ஏ போர்டு நிறையதுல டேட்டா கால்ல 5 வோல்ட் வருது, 3.3 சிப்புக்கே அது அதிகம், மீட்டர் வச்சுப் பாத்துட்டு மாட்டுங்க. கிளிப் இல்லாம லேப்டாப் உள்ள இருந்தே பிளாஷ்ராம் ஓட்டலாம்னு யாராவது சொன்னா அவசரப்படாதீங்க, பல லேப்டாப்ல கீபோர்டு, சார்ஜிங் எல்லாம் பாத்துக்கற இன்னொரு கண்ட்ரோலரும் அதே சிப்பைப் பகிர்ந்துக்கும், நடுவுல லேப்டாப் அப்படியே நின்னுடலாம்.

கடையில குடுக்கறவங்க எழுதறதுக்கு முன்னாடி பேக்கப் பைலைக் கையில வாங்கிப் பாருங்க, எழுதினதுக்கு அப்புறம் இல்ல. அடியில ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ரசீதுல என்ன வேலைன்னு எழுதச் சொல்லுங்க, நான் வாங்கினதாலதான் இப்ப கையில ஆதாரம் இருக்கு.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல மனு போட்டுட்டேன். வெறும் 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் தேவையில்ல, மூணு வருஷத்துக்குள்ள போடணும். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல சேவையை அக்கறையோட, திறமையோட செய்யணும்னு இருக்கு, அதைத்தான் நம்பிப் போட்டிருக்கேன். ரசீது, ஸ்டிக்கர் போட்டோ, அந்த எஃப்எஃப் பைல், நான் படிச்ச பைல், எல்லாம் ஒரே பென்டிரைவ்ல இருக்கு, தேதிக்குக் காத்துக்கிட்டிருக்கேன்.

செந்தூல் பக்கம் இருக்கறவங்க பயாஸ் அப்டேட் பண்றதுக்கு முன்னாடியோ கடைக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடியோ லேப்டாப்பை எடுத்துட்டு வாங்க, ஞாயிற்றுக்கிழமை வீட்டுலதான் இருப்பேன், ரெண்டு தடவை படிச்சு பைலை உங்க பென்டிரைவ்லயே போட்டுத் தரேன், காசு வேணாம்.