மாதம் 644 வெள்ளிக்கு ஒரு எச்ஆர்

அப்பா காலத்தில் எங்கள் கடையின் எச்ஆர் (மனிதவளப் பிரிவு) என்பது கல்லாவுக்குக் கீழே இருந்த ஒரு பிஸ்கட் டின். உள்ளே வெளிநாட்டு ஆட்களின் வேலை பெர்மிட் கடிதங்கள், பாஸ்போர்ட் நகல்கள், யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்று குறித்த 555 மார்க் சின்ன நோட்டு. கடை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம். மதியம் வாழையிலைச் சாப்பாடு, இரவில் புரோட்டா, சனி ஞாயிறு கேட்டரிங். 2016 ஏப்ரலில் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம் என்று வந்தபோது டின்னை மூடிவிட்டு எக்செல்லைத் திறந்தேன். எட்டு வருஷம் ஓட்டினேன், கொஞ்சம் பெருமையோடுதான்.

2024 செப்டம்பர் கடைசியில் பெண்ணுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. வீட்டில் வேறு பேச்சே இல்லை. கடைசி நாளான அக்டோபர் 14 தாண்டி மூன்று நாள் கழித்துத்தான், செப்டம்பர் மாத சிபிஎஃப் (ஊழியர்களின் மத்திய சேமநிதி) கட்டவே இல்லை என்று ஞாபகம் வந்தது. தாமதத்துக்கு மாதம் 1.5 விழுக்காடு வட்டி. தொகை பெரிதில்லை, ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதே வாரம் புரோட்டா மாஸ்டருக்குத் துணையாக இருந்த பையனும் வேலையை விட்டுப் போனான். இரண்டு வருஷத்தில் ஒன்பதாவது ஆள். சரி, இதற்கென்று இருப்பவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு எச்ஆர் சேவை நிறுவனத்தைப் பிடித்தேன். 14 மாதம் ஆகிறது. கடை நடத்தும் நண்பர்கள் பலர் எப்படி இருக்கிறது என்று கேட்பதால் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. குறை சொல்லப் போகிறேன், அவர்களும் நம்மைப் போலச் சின்ன ஆட்கள்தான்.

இரண்டு வகை சேவை வைத்திருக்கிறார்கள். ஒன்று சம்பளம், சிபிஎஃப், லீவு, பெர்மிட் புதுப்பிப்பு. தலைக்கு மாதம் 28 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எங்களுக்கு 23 பேர், ஆக 644. இன்னொன்று 'வியூக மனிதவள ஆலோசனை'. அது தனி, மொத்தமாக 4,800 வெள்ளி. இரண்டாவதை நான் வாங்கியது முழுக்க முழுக்க விற்க வந்த தம்பியின் பேச்சுத் திறமையால்.

முதலாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே செய்கிறார்கள். எம்சியை, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழை, கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் போதும், லீவுக் கணக்கு தானே குறைகிறது. சிபிஎஃப் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. பெர்மிட் முடிவதற்கு வெகு நாள் முன்பே நினைவூட்டல் வருகிறது. தடுக்கியது முதல் மாதம் மட்டும்தான். 2024 தீபாவளி அக்டோபர் 31. அன்று தேக்காவில் கடையை மூடுவாரா யாராவது? பொது விடுமுறையில் வேலை செய்தால் கூடுதலாக ஒரு நாள் சம்பளம் தர வேண்டும். அது இரண்டு பேருக்கு விட்டுப்போயிருந்தது. கண்டுபிடித்தது அவர்களுடைய மென்பொருளும் இல்லை, நானும் இல்லை. புரோட்டா மாஸ்டர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து தன்னுடைய 555 நோட்டை எடுத்து நீட்டினார். நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார் மனுஷன். மூன்று நாளில் திருத்திப் பணம் போட்டுவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள்.

இன்னொரு குறை, எல்லாம் ஆங்கிலத்தில்தான். பாத்திரம் கழுவும் அக்கா சம்பளச் சீட்டைக் காட்டி, "இந்த எஸ்டிஎல் என்ன பாப்பா, என் காசா?" என்று கேட்டார். திறன் மேம்பாட்டுத் தீர்வை அது, முதலாளி கட்டுவது, சம்பளத்தில் 0.25 விழுக்காடு. "அப்போ சிண்டா?" அது இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்குப் போவது, உங்கள் காசுதான் அக்கா என்றேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி தமிழில் போட்டிருந்தால் எனக்கு வேலை மிச்சம். கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்கிறார்கள்.

இனி அந்த 4,800 வெள்ளி.

முதலில் வந்தவர் கோட்டு போட்டிருந்தார். வாழையிலைக் கூட்டம் ஓய்ந்த மூன்று மணிக்கு, ஈரம் காயாத மேசையில் மடிக்கணினியைத் திறந்து நான்கு கட்டம் போட்ட படத்தைக் காட்டினார். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் உல்ரிச் 1997-ல் சொன்னதாம். மனிதவளத் துறைக்கு நான்கு பங்கு: நிர்வாகத்தோடு உட்கார்ந்து வியூகம் வகுப்பது, காகித வேலையைத் திறமையாக முடிப்பது, ஊழியர் பக்கம் நிற்பது, மாற்றத்தை முன்னின்று நடத்துவது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் கடையில் இந்த நான்கும் நான்தான், கல்லா அக்கா லீவு என்றால் கல்லாவும் நான்தான் என்று சொன்னேன். சிரித்தார். உங்கள் தொலைநோக்கு வாசகம் என்ன என்று கேட்டார். மதியம் பன்னிரண்டுக்குச் சோறு தயாராக இருக்க வேண்டும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். ஆறு வாரத்தில் எங்களுக்குக் கிடைத்தது, மாதத்தின் சிறந்த ஊழியர் படம் மாட்ட ஒரு சட்டம். அப்புறம் ஆளைக் காணோம். விசாரித்தால், வேலையை விட்டுவிட்டாராம்.

அவருக்குப் பதிலாக வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், தமிழ் அம்மா. முன்பு ஒரு ஓட்டல் சமையலறையில் ஆள் போடும் வேலை பார்த்தவர். முதல் நாளே காலை ஐந்தரைக்கு வந்து நின்றார், கோட்டு இல்லாமல். அடுப்படியில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து பதினோரு மணிவரை எழுதிக்கொண்டே இருந்தார். கேட்டது ஒன்றே ஒன்று: "ரோஸ்டர் தாளை எல்லாம் தூக்கிப் போட்டுடுவீங்களா, வச்சிருக்கீங்களா?" நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. இரண்டு வருஷ வேலைநேரத் தாள்களை அள்ளிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அந்தத் தாள்களையும், விட்டுப்போன ஒன்பது பேரின் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார். ஒன்பது பேரில் ஆறு பேர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினம் பாலம் தாண்டி வருகிறவர்கள். ஆறு பேருக்குமே, போவதற்கு முந்தைய மாதங்களில், வெள்ளி இரவு கடை மூடும் வேலையும் சனி காலை கடை திறக்கும் வேலையும் அடுத்தடுத்து விழுந்திருந்தது. போட்டது என் கைதான். இரவு கழுவித் துடைத்து வெளியே வரப் பதினொன்றே கால். குவீன் ஸ்திரீட்டில் 170 பேருந்து, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் இறங்கி வரிசை, அந்தப் பக்கம் இன்னொரு வரிசை, வீடு போய்ச் சேர ஒன்றரை. காலை ஆறு மணிக்கு இங்கே நிற்க வேண்டுமென்றால் மூன்றரைக்கு எழுந்தாக வேண்டும். அவர் இதைச் சொல்லி முடித்ததும் ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இத்தனை நாளும் நான் நம்பிக்கொண்டிருந்தது, பக்கத்துக் கடைக்காரர் 100 வெள்ளி கூடக் கொடுத்து ஆளை இழுக்கிறார் என்று. போனவர்களும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். தூக்கம் போதவில்லை என்று முதலாளியிடம் யார் சொல்வார்கள்? அன்றிலிருந்து மூடியவர் மறுநாள் திறக்கக்கூடாது என்று விதி வைத்தோம். அதற்குப் பிறகு வேலையை விட்டது ஒரே ஒருவர், அதுவும் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனதால்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒதுக்கீடு. சேவைத் துறையில் மொத்த ஆட்களில் 35 விழுக்காடுவரைதான் வெளிநாட்டினர் இருக்கலாம். எங்களுக்கு 15 உள்ளூர்க்காரர், 8 வெளிநாட்டினர். 23-க்கு எட்டு, 34.8 விழுக்காடு. விளிம்பில் நிற்கிறோம் என்பது எனக்குத் தெரியும், அது எதையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது. உள்ளூர் ஊழியர் முழு ஆளாகக் கணக்கில் வர மாதம் 1,600 வெள்ளியாவது வாங்க வேண்டியிருந்தது, 2024 ஜூலையில் வந்த அளவு அது. 800-லிருந்து 1,600-க்குள் என்றால் அரை ஆள். அந்த நேரம் பார்த்துக் கல்லா அக்கா, பேத்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அரை நாள் வேலை போதும் என்று கேட்டிருந்தார். அரை நாள், அரைச் சம்பளம், என்ன பெரிய விஷயம் என்று தலையாட்ட இருந்தேன்.

அந்த அம்மா கணக்குப் போட்டுக் காட்டினார். அக்கா அரை ஆளானால் உள்ளூர்க் கணக்கு பதினாலரை, மொத்தம் இருபத்திரண்டரை. அதில் எட்டு என்பது 35.5 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அடுத்து யாருடைய பெர்மிட் முடிகிறதோ அவரைப் புதுப்பிக்க முடியாது. வரிசையில் அடுத்து நின்றது தமிழ்நாட்டிலிருந்து வந்த சமையல்காரர். இந்தியச் சமையல்காரரைப் பெர்மிட்டில் எடுக்க 2023 செப்டம்பரிலிருந்துதான் இந்திய உணவகங்களுக்கு வழி திறந்தது. சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது, அப்படி வருகிறவர்கள் மொத்தத்தில் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எங்கள் அளவுக்கு அது ஒரே ஆள். ஆக, கல்லாவில் அக்காவின் நேரத்தைக் குறைத்தால் அடுப்படியில் சாம்பார் நின்றுவிடும்! இப்படி ஒரு கயிறு கல்லாவிலிருந்து அடுப்புவரை ஓடுவது எனக்குத் தெரியவே தெரியாது.

முடியாது என்று அக்காவிடம் சொல்லவும் மனசில்லை. நெகிழ்வான வேலை நேரம் கேட்டு முறையாக எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்று 2024 டிசம்பரிலிருந்து அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி வேறு இருக்கிறது. கடைசியில் அந்த அம்மாவே ஒரு வழி சொன்னார். மதியக் கூட்டம் வரைக்கும் கல்லா, அதன்பிறகு வீட்டிலிருந்தே காய்கறி, மளிகைக் கணக்கைச் சரிபார்க்கும் வேலை. வாரம் 30 மணி நேரம், மாதம் 1,650 வெள்ளி. அக்காவுக்கு ஏகச் சந்தோஷம். கொத்தமல்லிக்காரர் மாதாமாதம் இரண்டு கிலோ கூட எழுதி வந்ததையும் முதல் வாரமே பிடித்துவிட்டார்.

அப்புறம் பொங்கோல் கிளை. 2025 நடுவில் இரண்டாவது கடை போடுவதாக இருந்தேன், இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. கடைசிச் சந்திப்பில் அவர் கேட்டது இதுதான்.

"அங்கே மீன்தலைக் கறி யார் வைக்கிறது?"

"மாஸ்டர்தான்."

"அப்போ இங்கே?"

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் மீன்தலைக் கறியை வைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அப்பா காலத்து மாஸ்டர். பெரிய மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பொடி அளவு அவர் கையில் இருக்கிறது, தாளில் இல்லை. வாடகை, மின்சாரம், மேசை நாற்காலி என்று எல்லாவற்றுக்கும் நான் திட்டம் போட்டிருந்தேன். ஆளுக்கு மட்டும் போடவில்லை. அந்த அம்மா ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டார். இடப்பக்கம் கடையின் வேலைகள், மேலே பெயர்கள், யாருக்கு எது வரும் என்று பச்சைப் புள்ளி. மீன்தலைக் கறி வரியில் ஒரே புள்ளி. கேட்டரிங் ஆர்டர் எடுக்கும் வரியிலும் ஒன்றே, அது நான். கோட்டுக்காரர் காட்டிய நான்கு கட்டத்தில் முதல் கட்டம் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பொங்கோலை எட்டு மாதம் தள்ளி வைத்தேன்.

இந்த இடத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து முடித்திருப்பேன். ஆனால் அடுத்த மாதம் அவரும் போய்விட்டார். மூன்றாவதாக வந்த பையன் கையில் ஒரு கோப்பும் இல்லை. "மேடம், உங்க கடையில மொத்தம் எத்தனை பேர்?" என்று ஆரம்பித்தான். ஆட்களை எப்படித் தக்கவைப்பது என்று சொல்லித்தர வந்தவர்கள் வருஷத்துக்குள் மூன்று ஆள் மாற்றினால் நாம் என்ன செய்வது? பையன் மேல் தப்பில்லை. ஒப்படைப்பே நடக்கவில்லை. மேலாளரிடம் சண்டை போட்டதில் 4,800-ல் 900 வெள்ளியைத் திருப்பித் தந்தார்கள்.

ஆக, சம்பளப் பகுதியை இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், இருபது பேரை வைத்து மேய்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆலோசனையைப் புதுப்பிக்கவில்லை. நீங்கள் எடுப்பதாக இருந்தால் படம் காட்ட வருகிறவரைக் கேட்காதீர்கள். கடைக்கு நேரில் வந்து உட்காரப் போவது யார், அவர் போனால் குறிப்புகள் யாரிடம் இருக்கும் என்று கேட்டு, அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஐந்தரைக்கு வரத் தயாரா என்றும் கேளுங்கள்.

பச்சைப் புள்ளித் தாள் இப்போது கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, சிறந்த ஊழியர் படத்துக்கு வாங்கிய சட்டத்துக்குள். மீன்தலைக் கறி வரியில் இரண்டாவது புள்ளி விழுந்து ஆறு வாரம் ஆகிறது. செவ்வாய்க்கிழமைகளில் தமிழ்நாட்டுத் தம்பிதான் வைக்கிறார், பெரிய மாஸ்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முப்பது வருஷமாக வருகிற வாடிக்கையாளர் ஒருவர் போன செவ்வாய் சாப்பிட்டுவிட்டு, புளி கொஞ்சம் தூக்கல் என்றார். ஆனால் தட்டைக் காலி பண்ணியிருந்தார்.