கடற்குப்பையைக் கண்டறிய எது ஏற்றது: ட்ரோனா, செயற்கைக்கோளா, கப்பல் கேமராவா?

கடலில் மிதக்கும் குப்பையையும் கரையொதுங்கும் குப்பையையும் கண்டறிய இன்று மூன்று வழிகள் போட்டியிடுகின்றன: தாழப் பறக்கும் ட்ரோன், செயற்கைக்கோள், கப்பலில் பொருத்திய கேமரா. மூன்றிலும் படத்திலிருந்து குப்பையைப் பிரித்தறியும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கலாம் என்பதால், அதற்கு எத்தகைய படம் கிடைக்கிறது என்பதே இவற்றை வேறுபடுத்துகிறது.

நுணுக்கத்தில் ட்ரோனை விஞ்ச மற்ற இரண்டாலும் இயலாது. 2 கோடி பிக்சல் கேமரா கொண்ட சாதாரண ட்ரோன் 10 மீட்டர் உயரத்தில் பறந்தால், ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரைக் காட்டும். அதாவது 3 சென்டிமீட்டர் அகலமுள்ள பாட்டில் மூடி பத்துப் பிக்சல் அகலத்தில் பதியும். அதே ட்ரோனை 100 மீட்டருக்கு உயர்த்தினால் மூடி ஒற்றைப் புள்ளியாகச் சுருங்கிவிடும். அது மூடியா சிப்பித் துண்டா என்று மனிதக் கண்ணாலும் சொல்ல முடியாது. தாழப் பறந்தாலோ பரப்பு குறைகிறது. பேட்டரியும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குமேல் தாங்குவதில்லை. எனவே கடற்கரையும் முகத்துவாரமும்தான் ட்ரோனுக்கு உரிய களம்.

செயற்கைக்கோளின் கணக்கே வேறு. ஐரோப்பாவின் சென்டினல்-2 வகைச் செயற்கைக்கோள்களின் படத்தில் மிகக் கூர்மையான பிக்சலே 10 மீட்டருக்கு 10 மீட்டர். தனியொரு பாட்டிலை அதில் தேடுவது வீண். ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நீர் பெரிதும் உறிஞ்சிக்கொள்ள, மிதக்கும் பொருள்கள் அதைத் திருப்பி அனுப்புவதால், நீரோட்டங்கள் ஒன்றுசேர்க்கும் குப்பைத் திரள்கள் பிக்சலின் ஒரு பகுதியை மட்டுமே மூடியிருந்தாலும் தடம் காட்டிவிடும். சிக்கல் என்னவென்றால், கடற்பாசியும் நுரையும் மிதக்கும் மரத்துண்டுகளும் அதே ஒளியைத்தான் திருப்பி அனுப்புகின்றன. இதைச் சோதிக்க, கிரேக்கத்தின் ஈஜியன் பல்கலைக்கழகத்தினர் லெஸ்போஸ் தீவருகே பிளாஸ்டிக் மிதவைகளைக் கடலில் பரப்பி, செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தில் ட்ரோனாலும் படமெடுத்து ஒப்பிட்டனர். போட்டியாளர்களாகப் பேசப்படும் இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றின் விடைத்தாளைத் திருத்துகிறது என்பது கவனிக்கத்தக்கது.

பரப்பளவில் செயற்கைக்கோளுக்கு இணையில்லை. மத்தியதரைக் கடலின் ஆறாண்டுகாலப் படங்கள் சுமார் 3,00,000-ஐ ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு, கோடுபோல் நீண்டு மிதக்கும் ஆயிரக்கணக்கான குப்பைத் திரள்களை அடையாளம் கண்டது. ஆனால் மேகம் மூடினால் படம் பயன்படாது. சென்டினல்-2 நடுப்பெருங்கடலை வழக்கமாகப் படமெடுப்பதும் இல்லை.

அந்த இடைவெளியைக் கப்பல் கேமரா ஓரளவு நிரப்புகிறது. கப்பலின் இருமருங்கிலும் தெரியும் குறுகிய பட்டையைத் தவிர வேறெதையும் அது காணாது என்றாலும், எப்படியும் செல்லவிருக்கும் கப்பலில் பொருத்துவதால் செலவு குறைவு. பசிபிக் பெருங்கடலில் குப்பை திரண்டு மிதக்கும் பகுதியான பசிபிக் குப்பைத் திட்டில், கடலைத் துப்புரவு செய்யும் தி ஓஷன் கிளீனப் அமைப்பு இதைப் பயன்படுத்தியிருக்கிறது. அங்குள்ள பிளாஸ்டிக் எடையில் ஏறக்குறைய பாதி மீன்பிடி வலைகள் என 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டதால், பெரிய பொருள்களை மட்டும் பிடிக்கும் கேமராவும் அங்கே வீணாகாது.

எதைத் தேர்ந்தாலும், கேமராவைவிடப் பயிற்சிப் படங்களுக்கே கூடுதலாகச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. வெண்மணற்கரைப் படங்களால் பயின்ற மென்பொருள், கூழாங்கற்கள் நிறைந்த கரையில் வெளிர்நிறக் கல்லைப் பிளாஸ்டிக் என்று எண்ணிவிடக்கூடும். அந்தந்தக் கரையின் படங்களில் குப்பையை ஒவ்வொன்றாகக் கட்டமிட்டுக் குறிக்கும் சலிப்பூட்டும் மனித உழைப்பின்றி, அது தரும் எண்ணிக்கையை நம்பித் துப்புரவுப் படகை அனுப்ப இயலாது. நீரில் அமிழ்ந்து மேற்பரப்புக்குக் கீழே நகரும் வலையோ, இம்மூன்றின் பார்வையிலிருந்தும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.