அசெஸ், இவால்யுவேட், அப்ரைஸ்: அறிக்கையில் எதை எழுதுவது?

கிராமப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஓர் அறக்கட்டளைக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதித் தருவது என் வேலை. ‘மதிப்பிட்டோம்’ என்று சொல்ல வேண்டிய இடம் அவற்றில் பக்கத்துக்குப் பக்கம் வரும். அங்கெல்லாம் அசெஸ், இவால்யுவேட், அப்ரைஸ் என்ற மூன்று சொற்களும் போட்டியிடும். நான் அசெஸ் என்பதையே வழக்கமாக்கிக்கொண்டு, மற்ற இரண்டையும் குறிப்பிட்ட இடங்களுக்கென்று ஒதுக்கிவிட்டேன்.

எஸ்டிமேட் என்ற சொல்லில் யாருக்கும் குழப்பமில்லை. வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் அது பழக்கமான சொல். ரிவ்யூ என்றால் ஏற்கெனவே உள்ளதைத் திரும்பப் பார்ப்பது, ரேட் என்றால் மதிப்பெண்ணோ நட்சத்திரமோ போடுவது. இவற்றில் நின்று யோசிக்க ஒன்றுமில்லை.

அப்ரைஸ் என்ற சொல்லுக்குப் பின்னால், விலை சொல்லத் தகுதி பெற்ற ஒருவரின் கண் இருக்க வேண்டும். வங்கியில் நகைக்கடன் கேட்டுப் போனால், சங்கிலியை உரைகல்லில் உரசி, எடை போட்டு, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்துவிட்டு மதிப்பைச் சொல்பவரை அப்ரைசர் என்றுதான் அழைக்கிறார்கள். அலுவலகங்களில் நடக்கும் ஆண்டு அப்ரைசலும் சம்பள உயர்வோடு ஒட்டியே பேசப்படுகிறது. அறிக்கையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்திய பழக்கம் எனக்குக் குறைவு என்பதால், இதைப் பற்றி அழுத்திச் சொல்லமாட்டேன். மதிப்பிடும் அப்ரைஸ் (appraise) தவிர, ‘தெரிவித்தல்’ என்று பொருள்படும் அப்ரைஸ் (apprise) வேறு ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. எழுத்தில் ஓரெழுத்துதான் வேறுபாடு, இரண்டும் சரியான சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப் பிழை திருத்தி எச்சரிக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மீதமிருக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி. அசெஸ் என்ற சொல் ஆங்கிலத்தில் வரி நிர்ணயத்தோடு தொடங்கியது. நம் வருமான வரித்துறையின் அசெஸிங் ஆஃபீசர் இன்றும் அந்த வேலையைத்தான் செய்கிறார். உங்கள் வருமானம் நல்ல வருமானமா என்று அவர் கேட்பதில்லை, எவ்வளவு என்று மட்டும் தீர்மானிக்கிறார். புயலுக்குப் பின் சேதத்தைக் கணக்கெடுப்பதும், மருத்துவர் நோயாளியின் நிலையைக் குறித்துவைப்பதும் இதே சொல்லால் சுட்டப்படுவது அதனால்தான். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் வெளியிட்டுவரும், கிராமப்புறக் குழந்தைகளின் கல்வி நிலை பற்றிய அசர் அறிக்கையின் வாசிப்புச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை ஆகியவற்றில் எதுவரை ஒரு குழந்தை தடையின்றி வாசிக்கிறது என்று பார்த்து, அந்தப் படியில் குறித்துக்கொள்கிறார்கள். குழந்தை எங்கே நிற்கிறது என்பது தெரிகிறது. அதற்குக் காரணமான பள்ளியைப் பற்றிய தீர்ப்பு எதுவும் அந்தத் தாளில் இல்லை. இது அசெஸ்.

இவால்யுவேட் என்று எழுதிய கணமே, எந்த அளவுகோலால் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எழுதியவர் மீது விழுகிறது. என் தேர்வை முடிவு செய்தது இந்த ஒரு விஷயம்தான். நன்கொடை நிறுவனங்களிடம் இந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய வரையறுத்த பொருளே உண்டு. பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் வளர்ச்சி உதவிக் குழு 1991இல் பொருத்தப்பாடு, பயன்விளைவு, செயல்திறன், தாக்கம், நீடிப்பு என்று ஐந்து அளவுகோல்களை வகுத்து, 2019இல் ஒத்திசைவு என்ற ஆறாவதையும் சேர்த்தது. மாலை வகுப்பை இவால்யுவேட் செய்தோம் என்று நான் எழுதினால், செயல்திறனுக்கு ஒரு குழந்தைக்கு ஆன செலவையும், தாக்கத்துக்கு வகுப்புக்கு வராத, ஆனால் மற்ற எல்லா வகையிலும் ஒத்த குழந்தைகளின் நிலையையும் காட்டியாக வேண்டும். கையில் இருப்பதோ குழந்தைகளின் வாசிப்புப் படியைக் குறித்த தாள்கள் மட்டும். அவற்றை வைத்துக்கொண்டு அசெஸ் என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. இவால்யுவேட் என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம்.

அளவுகோல் முன்கூட்டியே அச்சில் இருக்கும் இடங்களில் இவால்யுவேட்தான் பொருந்தும். டெண்டர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: தகுதி விதிகளை அறிவித்துவிட்டுப் பிறகு உறைகளைப் பிரிக்கிறார்கள், ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிளஸ் டூ கணக்கில் தொகையீட்டுக்கு முன்னால் வரும் இவால்யுவேட் தனிக் கதை. அங்கே அதற்கு விடையைக் கண்டுபிடி என்பதற்கு மேல் பொருள் இல்லை.

இந்த எல்லைக்கோடு எல்லா இடத்திலும் நேராகப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் தரும் நாக் (நேஷனல் அசெஸ்மென்ட் அண்ட் அக்ரெடிடேஷன் கவுன்சில்) 1994இல் தொடங்கியது. அதன் பெயரில் அசெஸ்மென்ட்தான் இருக்கிறது, ஆனாலும் அது கல்லூரிகளுக்குத் தரப்புள்ளி வழங்கிவந்திருக்கிறது. காலத்தை வைத்துப் பிரிப்பவர்களும் உண்டு. அணையோ ஆலையோ வருமுன் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணிப்பது அசெஸ்மென்ட், திட்டம் முடிந்தபின் பலனை ஆராய்வது இவால்யுவேஷன் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலும் அது சரியாகவே வருகிறது என்றாலும், புயல் சேதக் கணக்கு அந்த விதிக்குள் அடங்காது.

நன்கொடையாளர் அனுப்பும் படிவத்தின் தலைப்பிலேயே இவால்யுவேஷன் என்று இருந்தால் நான் அதில் கை வைப்பதில்லை. உள்ளே, வாசிப்புப் படிகளைச் சொல்லும் பத்திகளில் அசெஸ் என்று எழுதிவிட்டு, வகுப்பைத் தொடரலாமா என்று முடிவு சொல்லும் கடைசிப் பகுதியில், அளவுகோலை ஒரு வரியில் குறிப்பிட்ட பிறகே இவால்யுவேட் என்று எழுதுகிறேன்.