இணையப் படிப்பா, திறந்த பாடநூலா?

கல்லூரிப் பாடம் ஒன்றைச் சொந்த முயற்சியில் படிக்கலாம் என்று இணையத்தில் தேடினால் இரண்டு விதமான சரக்கு கிடைக்கும். ஒன்று, கோர்செரா, எடெக்ஸ் போன்ற தளங்களில் நடக்கும் பெருந்திரள் இணையப் படிப்பு. மூக் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மற்றது திறந்த கல்வி வளம். அது பாடநூலாக இருக்கலாம், விரிவுரைக் குறிப்பாக இருக்கலாம், பழைய வினாத்தாளாகவும் இருக்கலாம். இரண்டையும் ‘திறந்த’ என்றுதான் அழைக்கிறோம். அந்தச் சொல் இரண்டு இடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

புள்ளியியலில் 8 வாரப் படிப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். வேலை முடிந்து வந்து இரவில் காணொளி பார்ப்பேன், ஞாயிற்றுக்கிழமை கெடு முடிவதற்குள் க்விஸை முடித்துவிடுவேன். நல்ல படிப்பு, நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். நாலு மாதம் கழித்து வேலையில் ஒரு சந்தேகம் வந்தது. வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக விலகி நின்றால் ரெக்ரெஷன் கோடு (புள்ளிகளின் போக்கைக் காட்டும் நேர்கோடு) எந்தப் பக்கம் சாயும், அந்தப் புள்ளியை என்ன செய்வது? நாலாம் வாரத்தில் பேராசிரியர் இதை வரைந்தே காட்டியிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த வாரத்துக்கு எதிரே பூட்டுச் சின்னம். இலவச அனுமதிக் காலம் முடிந்துவிட்டது, பணம் கட்டினால்தான் திறக்கும். காணொளியை விடுங்கள், நானே எழுதிய விடைகளும் அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தன. அதுதான் மனசை உறுத்தியது.

அன்றைக்குக் கைகொடுத்தது, எப்போதோ இறக்கி வைத்திருந்த, திறந்த பாடநூல்களை வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸின் புள்ளியியல் பாடநூல் பிடிஎஃப். 12ஆம் அத்தியாயத்தில் 11 மாணவர்களின் மதிப்பெண் கணக்கு ஒன்று வருகிறது. மூன்றாம் தேர்வில் வாங்கியதை வைத்து இறுதித் தேர்வில் எவ்வளவு வாங்குவார்கள் என்று கணிக்கும் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இணைகோடுகளைப் போட்டு, வெளியே விழும் புள்ளியைப் பிடிக்கச் சொல்கிறது புத்தகம். பிடிபடுவது ஒரே ஒரு மாணவர். அவரை எடுத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.66இலிருந்து 0.91க்கு ஏறுகிறது. அரை மணி நேரத்தில் சந்தேகம் தீர்ந்தது. அந்த பிடிஎஃப் இன்றும் என்னிடம் இருக்கிறது.

ஒரே சொல், இரண்டு பொருள்

தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் வைக்கப்போவதாக அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் அறிவித்தது 2001இல். ஓப்பன்கோர்ஸ்வேர் என்று பெயர். அடுத்த ஆண்டு யுனெஸ்கோ கூட்டிய ஒரு கூட்டத்தில் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் பிறந்தது. அதே 2002 டிசம்பரில், தன் படைப்பைப் பிறர் எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வெளிவந்தன. இந்த வரிசையில் வந்தவர்களுக்குத் திறப்பது என்றால் உரிமையைத் திறப்பது. வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறொன்றோடு கலக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று திறந்த கல்வி அறிஞர் டேவிட் வைலி இதை ஐந்தாக வகுத்தார்.

மூக்கின் தொடக்கமும் இதற்கு வெகு அருகில்தான் இருந்தது. 2008இல் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் என்ற இரண்டு கல்வியாளர்கள் கனடாவில் ஒரு படிப்பை நடத்தினார்கள். கட்டணம் கட்டியவர்கள் சுமார் 25 பேர்தான், இலவசமாகச் சேர்ந்தவர்களோ 2,000க்கும் மேல். அப்போது பிறந்த சொல்தான் மூக். அதில் பாடத்தையே படிப்பவர்களும் சேர்ந்துதான் உண்டாக்கினார்கள். அப்புறம் 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் சுமார் 1,60,000 பேர் பதிவு செய்ததும் எல்லாம் மாறியது. 2012இல் கோர்செரா, எடெக்ஸ், யுடாசிட்டி மூன்றும் வந்துவிட்டன. அன்றுமுதல் ‘திறந்த’ என்றால் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற அளவில் சுருங்கிப்போனது. உள்ளே இருக்கும் பாடம் பெரும்பாலும் முழுப் பதிப்புரிமையோடுதான் இருக்கிறது.

படிப்பவர் பக்கம் நின்று பார்த்தால்

இதை வைத்து மூக்கை ஒதுக்கிவிட நான் தயாரில்லை. தனியாகப் படிப்பவருக்கு அது தருவதைப் புத்தகம் தராது. கெடு இருக்கிறது. கூடவே படிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தப்பாக விடை போட்டால் அந்த நிமிடமே தப்பு என்று தெரிகிறது. இந்தக் கடைசி விஷயம் சின்னதில்லை. இணையவழி உளவியல் படிப்பு ஒன்றை ஆராய்ந்து கென் கோடிங்கர் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிகளைச் செய்வதற்கும் கற்றலுக்கும் இருந்த தொடர்பு, காணொளி பார்ப்பதற்கோ வாசிப்பதற்கோ இருந்ததைவிடச் சுமார் 6 மடங்கு வலுவாக இருந்தது. ஆகவே மூக்கில் உண்மையில் மதிப்புள்ளது பயிற்சிகள்தான். பல தளங்களில் இலவசமாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் அடைபடுவதும் மதிப்பெண் போடும் அந்தப் பயிற்சிகளே. காணொளியை மட்டும் இலவசமாக விட்டு, பயிற்சியைப் பூட்டி வைத்திருக்கும் படிப்பில் சேருவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

முடிப்பவர்கள் மிகக் குறைவு என்ற குறை எப்போதும் சொல்லப்படுகிறது. உண்மைதான். எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்கள் எடெக்ஸில் நடத்திய படிப்புகளின் தரவை ஆராய்ந்து ஜஸ்டின் ரீச்சும் இன்னொருவரும் 2019இல் எழுதிய கட்டுரைப்படி, 2017-18இல் முடித்தவர்கள் 3.13 சதவீதம். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்துக்குள் ஒரு முறைகூட நுழையவில்லை. ஆனால் எனக்கு இது பெரிய குற்றமாகப் படவில்லை. 2012இல் எம்ஐடியின் மின்சுற்றுப் படிப்பில் சுமார் 1,55,000 பேர் சேர்ந்து 7,000 பேர்தான் தேறினார்கள். அந்த 7,000 பேரையும் நேரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். என் வருத்தம் வேறு. முடிக்காமல் விட்டவர் ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தால், விட்ட இடம் அங்கே இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2016 ஜூனில் கோர்செரா தன் பழைய தளத்தை மூடியபோது பல படிப்புகள் புதிய தளத்துக்கு வராமலே போயின. லாப நோக்கற்றதாகத் தொடங்கிய எடெக்ஸ் 2021இல் 80 கோடி டாலருக்கு 2யூ என்ற நிறுவனத்திடம் கைமாறியது. அந்த 2யூ 2024இல் திவால் பாதுகாப்பு கோரியது.

திறந்த வளங்களும் காற்றில் வாழ்வதில்லை. ஓப்பன்கோர்ஸ்வேரைத் தொடங்கவே ஹ்யூலட், மெலன் அறக்கட்டளைகளின் பணம் தேவைப்பட்டது. ஆனால் ஒரு வேறுபாடு: நிதி நின்றுபோனாலும், ஏற்கனவே இறக்கி வைத்தவரிடமிருந்து புத்தகத்தை யாரும் திரும்ப வாங்க முடியாது. கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை, விதிகளை மீறாதவரை, பின்னால் பறிக்கவும் முடியாது.

சான்றிதழ் வேண்டுமா? அப்படியானால் மூக்தான். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

ஆசிரியர் பக்கம் நின்று பார்த்தால்

இங்கே எனக்குச் சந்தேகமே கிடையாது, திறந்த வளம்தான். பாடம் நடத்துகிறவருக்கு வேண்டியது, வகுப்புக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டும் சுதந்திரம். கூட்டுச் சராசரி பற்றிய ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக் கணக்குகளைத் தூக்கிவிட்டுச் செவிலியர் மாணவர்களுக்கு ரத்த அழுத்தக் கணக்கைப் போடலாம், நீளமான நிறுவலைப் பின்னிணைப்புக்குத் தள்ளலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடித்து வகுப்பில் கொடுக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மூக் காணொளியில் ஒரு வாக்கியம் தப்பு என்று தெரிந்தாலும் அதை அப்படியே காட்டிவிட்டு வாயால் திருத்தத்தான் முடியும்.

தரம் குறையுமோ என்ற பயத்துக்கும் ஓரளவு பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் விலைக்கு விற்கும் பாடநூலுக்குப் பதில் ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களைக் கொடுத்தபோது என்ன நடந்தது என்று 21,822 மாணவர்களின் தரவை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. மதிப்பெண் கூடியது, தோற்பவர்களும் பாதியில் விலகுபவர்களும் குறைந்தார்கள். உதவித்தொகை பெறும் மாணவர்களிடம் அந்த முன்னேற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. முதல் நாளிலேயே எல்லோர் கையிலும் புத்தகம் இருந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தேடி எடுக்க நேரம் பிடிக்கும். தரம் ஒரே சீராக இருக்காது. விடைக் கையேடு பெரும்பாலும் சரிபார்க்கப்பட்ட ஆசிரியர்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், தானாகப் படிப்பவர் தவிப்பார். உரிமங்களும் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டுவதில்லை. ஓப்பன்கோர்ஸ்வேரின் பாடங்களை வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்தான் எடுக்கலாம், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ‘மாற்றம் செய்யக் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தால், மொழிபெயர்த்து வெளியிடக்கூட முடியாது.

அதனால் எதை எடுப்பதாக இருந்தாலும் பக்கத்தின் அடியில் இருக்கும் உரிம வரியை முதலில் வாசியுங்கள். நான் இப்போது ஒரு படிப்பில் சேரும்போது, அதே பாடத்துக்கு ஒரு திறந்த நூலையும் இறக்கிவைத்து, ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரே அத்தியாய எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். க்விஸுக்கு எழுதும் விடைகளை முதலில் என் நோட்டில் எழுதுகிறேன், பிறகுதான் தளத்தில் பதிக்கிறேன்.