சோலையும் கற்பூரத் தோப்பும்

ஊட்டியைச் சுற்றி 2,000 மீட்டருக்கு மேலே, இயற்கையான மலைக்காடான சோலையும் மனிதர் நட்ட கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. உயரமும் பனியும் ஒன்றுதான், ஆனால் காடு வேறு.

சோலை மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு வளரும். கிளையெல்லாம் பாசி, இடையிடையே ஆர்க்கிட். கீழே சருகை விலக்கினால் ஈரமண் விரலில் ஒட்டும். பெரணிகளும் குறிஞ்சி இனச் செடிகளும் நெருக்கியடிக்கும்.

19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக நடத் தொடங்கிய கற்பூரத் தோப்பில் சருகு மொறுமொறுவென்று நொறுங்கும், அடிச்செடி குறைவு.

வெளிநாட்டிலிருந்து வந்த இன்னொரு மரமான சீகையின் (வாட்டில்) தோப்பு அப்படியல்ல. வயதான சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைக்கின்றன. திறந்தவெளியில் உறைபனி அவற்றைக் கருக்கிவிடும். அதனால் சோலையோரச் சீகையை இப்போதைக்கு விட்டுவைத்து, புல்வெளிக்குள் பரவியதை முதலில் அகற்றுவதே சரி என்பேன்.