நடுவில் குழி விழுந்த வாழைப்பழ பிரெட்: தப்பு சோடாவிலா, ஓவனிலா?

ஈஸ்ட் இல்லை, மாவு பொங்கும்வரை காத்திருப்பதும் இல்லை. கலக்கியதும் நேராக ஓவனுக்குப் போகிற இனிப்பு பிரெட்டைத்தான் குயிக் பிரெட் என்கிறோம். வாழைப்பழம், பூசணி, எலுமிச்சை என எதைப் போட்டாலும் வரும் தொல்லைகள் ஒன்றேதான்: நடுவில் குழி, அடியில் ஈரம், ரப்பர் போன்ற இழுவை, மேலே கருகல். உடனே செய்முறை சரியில்லை என்று அடுத்ததைத் தேடிப் போகிறோம். பெரும்பாலும் செய்முறையில் தப்பு இருக்காது. இதற்குப் பதில் அது என்று நாம் மாற்றிக்கொள்ளும் இரண்டு பொருள்கள், இரண்டு தகரங்கள் (பிரெட் சுடும் அச்சுப் பாத்திரங்கள்) ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதுதான் சிக்கல்.

குழிக்குக் காரணம்: வேகாததா, பொங்கியதா?

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பேக்கிங் சோடாவைத்தான். எதையும் மாற்றுவதற்கு முன் பிரெட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். குழிக்கு நேர் கீழே பளபளப்பாக, ஈரமாக, அழுத்தமான ஒரு பட்டை தெரிந்தால் அது வேகாத மாவு. ஓரம் முன்பே வெந்து நிமிர்ந்துவிட்டது. நடுப்பகுதி இறுகுவதற்குள் வெளியே எடுத்துவிட்டோம். மாறாக, உள்ளே நன்றாக வெந்து, பெரிய பெரிய ஓட்டைகளோடு கரடுமுரடாக இருந்து, மாவு ஓரத்தில் வழிந்த தடமும் இருந்தால் சோடாவோ பேக்கிங் பவுடரோ அதிகம். வாயு ஒரேயடியாகக் கிளம்பி, தாங்கிப் பிடிக்கச் சுவர் உருவாகும் முன்பே குமிழிகள் உடைந்திருக்கும்.

இரண்டில் முதலாவதுதான் அதிகம். சர்க்கரையையோ பழத்தையோ கூட்டிப் போட்டாலும் அதே நிலைதான்: சர்க்கரை கூடினால் மாவிலுள்ள ஸ்டார்ச் இறுகுவதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். "இன்னும் ஒரு பழம் இருக்கிறதே, போட்டுவிடலாம்" என்பது எப்போதும் நல்ல யோசனை அல்ல.

சோடாவா, பவுடரா?

சோடா வெறும் காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. மோர், தயிர், தேன், பழுப்புச் சர்க்கரை, பழக்கூழ் போன்ற புளிப்புள்ள ஏதாவது கூட இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். பவுடரில் சோடாவோடு உலர்ந்த அமிலமும் ஸ்டார்ச்சும் சேர்ந்தே வருகின்றன. இருமுறை செயல்படும் பவுடர் ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு ஏறியதும் மீதி என வாயுவைப் பிரித்து விடும். சோடாவின் வீரியம் பவுடரைப் போல் 3 முதல் 4 மடங்கு. ஒரு கப் மைதாவுக்குச் சுமார் 1 டீஸ்பூன் பவுடர், அல்லது ¼ டீஸ்பூன் சோடா என்பது நம்பகமான கணக்கு.

பவுடர் தீர்ந்துவிட்டது என்று அதே அளவு சோடாவைப் போட்டால் பிரெட் கருப்பேறும், சோப்பு ருசி அடிக்கும். காரம் கூடினால் மேலோடு வேகமாகச் சிவக்கும் என்பதால் உள்ளே வெந்துவிட்டதாகவும் ஏமாந்துபோவோம். மோர் கலவையில் சோடாவுக்குப் பதில் பவுடர் போட்டால் வெளிறிப்போய், புளிப்பு தூக்கலாக நிற்கும். என் தேர்வு: வெறும் பால் என்றால் பவுடர் மட்டும், மோரோ தயிரோ இருந்தால் இரண்டும். சோடா மட்டும் போட்ட கலவையைக் காக்கவைக்காமல் உடனே ஓவனில் ஏற்றிவிட வேண்டும். பழைய டப்பா மேல் சந்தேகம் இருந்தால், பவுடரில் சுடுதண்ணீரும் சோடாவில் வினிகரும் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்காவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

எண்ணெயா, வெண்ணெயா?

மறுநாள் வறண்டுபோகிறது என்று புலம்புகிறவர்கள் எண்ணெய்க்கு மாறலாம். வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம்தான், ஆறியதும் இறுகியும்விடும். எண்ணெய் ஆறினாலும் இளகியே இருப்பதால் பிரெட் மெத்தென்று இருக்கும். மணம் வேண்டும் என்றால் வெண்ணெய்தான், அதில் மறுபேச்சே இல்லை.

கிளறலா, பீட்டரா?

இழுவைக்குக் காரணம் கைதான். மைதாவில் ஈரம் பட்டபின் அடிக்க அடிக்க க்ளூட்டன் என்ற இழுவை தரும் புரதம் வலுத்துக்கொண்டே போகும். ரொம்ப அடித்த பிரெட்டை வெட்டினால், மேல்நோக்கி ஓடும் நீள நீளமான சுரங்கங்கள் தெரியும். வெண்ணெயையும் சர்க்கரையையும் பீட்டரால் அடிப்பது தப்பில்லை. அதில் காற்று சேரும். மைதா விழுந்ததும் பீட்டரை ஓரம் வைத்துவிட்டுக் கரண்டியால் மடித்துக் கிளறுங்கள். காய்ந்த மாவு கண்ணில் படாத கணமே நிறுத்த வேண்டும். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், வேகும்போது கரைந்துவிடும்.

எந்தத் தகரம்?

யாரும் கவனிக்காத இடம் இது. 9க்கு 5 அங்குலத் தகரமும் 8½க்கு 4½ அங்குலத் தகரமும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும். ஆனால் முதலாவது சுமார் 8 கப் கொள்ளும், இரண்டாவது சுமார் 6 கப்தான். பெரியதற்கான கலவையைச் சிறியதில் ஊற்றினால் மாவின் ஆழம் கூடி, நடுப்பகுதி வேக நேரம் பிடிக்கும். முன்னால் சொன்ன ஈரப்பட்டை வரும். தகரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மீதியை மஃபினாகச் சுட்டுவிடலாம்.

கண்ணாடிப் பாத்திரம் மெதுவாகச் சூடேறி, சூட்டை நெடுநேரம் பிடித்துவைக்கும். ஓரம் தடித்துச் சிவக்கும், நடு பின்தங்கும். அதில் சுடுவதென்றால் 15 டிகிரி செல்சியஸ் குறைத்து, கூடுதல் நேரம் விடுங்கள். கறுப்புத் தகரமும் சீக்கிரம் சிவக்கவைக்கும். வெளிர்நிற அலுமினியத்துக்கு இணை எதுவும் இல்லை. மேலே கருகினால் நேரத்தைக் குறைக்காதீர்கள். அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி, வேகவிடுங்கள். மேலே நீளமாக வெடிப்பது கோளாறே அல்ல: மேலோடு முதலில் இறுகி, உள்ளே இருப்பது பிறகு எழும்புவதால் வரும் வெடிப்பு அது.

குச்சியா, வெப்பமானியா?

வெந்ததா என்று பார்க்க நடுவில் குத்தும் குச்சி வாழைப்பழத் துண்டிலோ உருகிய சாக்லேட்டிலோ குத்தினால் பொய் சொல்லும். வெப்பமானியை நடுவில் குத்தி 93 முதல் 96 டிகிரி செல்சியஸ் காட்டினால் எடுக்கலாம். ஓவனின் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். உள்ளே ஒரு ஓவன் வெப்பமானியைத் தொங்கவிட்டால் உண்மையான சூடு தெரியும்.

எடுத்ததும் கவிழ்த்தால் உடையும், தகரத்திலேயே விட்டால் நீராவி வெளியேற வழியின்றி அடியும் பக்கங்களும் நனையும். 10 நிமிடம் தகரத்தில், பிறகு கம்பித் தட்டில். முழுதாக ஆறிய பிறகே வெட்டுங்கள். சூடாக வெட்டினால் நன்றாக வெந்த பிரெட்கூட பிசுபிசுவென்று வேகாததுபோலத் தெரியும்.